கார்டு மாற்றும்போது பாட்டு நிற்கிறதா? எந்தப் பயிற்சி யாருக்குச் சரிவரும்

கிட்டார் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆன யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். ஜி மேஜர் கார்டை (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடிதான் கார்டு) தனியாகப் பிடித்தால் சுத்தமாகக் கேட்கிறது. சி மேஜரும் அப்படியே. ஜி-யிலிருந்து சி-க்குப் போகும் இடத்தில் மட்டும் பாட்டு நின்று, விரல்கள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து, அப்புறம்தான் மறுபடி கிளம்புகிறது.

வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணிப் பார் என்பார் ஒருவர். சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் கருவி இல்லாமல் எதுவும் நடக்காது என்பார் இன்னொருவர். கேப்போ (கிட்டாரின் கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஈஸி கார்டில் வாசி, வேலை முடிந்தது என்பார் மூன்றாமவர். கிட்டாரே சரியில்லை, நல்லதாக ஒன்று வாங்கு என்று சொல்லவும் ஒருவர் இருப்பார். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வேலை, படிப்பு போகத் தினமும் இருபது நிமிடம் ஒதுக்கவே திண்டாடுகிறவர் இத்தனையையும் செய்துகொண்டிருக்க முடியாது. அந்த இருபது நிமிடத்தை எதில் போடுவது என்பதுதான் இங்கே பேச்சு.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இடது கையில் வேகம் போதாது என்பது இரண்டாவது பிரச்சினை. இடது கை வரட்டும் என்று வலது கை நின்று காத்திருப்பதுதான் முதல் பிரச்சினை. அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் விரல் எவ்வளவு வேகமானாலும் பாட்டில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

எந்தப் பயிற்சி என்று முடிவு செய்வதற்கு முன்னால், போனை எதிரில் சாய்த்து வைத்து, ஸ்லோமோஷனில் இடது கையை ஒரு நிமிடம் படம் பிடியுங்கள். ஜி, சி, ஜி, சி என்று வழக்கம்போல வாசித்தால் போதும். பிறகு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணால் நேரில் பார்க்கும்போது தெரியாதது அதில் அப்பட்டமாகத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கேட்டபோது இப்படித்தான் படம் பிடித்துப் பார்த்தோம். “எந்த விரல் கடைசியா வந்து சேருதுன்னு பாரு தம்பி” என்றேன். “மோதிர விரல்ணா” என்றான். சி கார்டில் அவனுடைய ஆள்காட்டி விரல் முதலில் போய் 2ஆம் கம்பியில் (6ஆம் கம்பி தடிமனானது, 1ஆம் கம்பி மெல்லியது) உட்காருகிறது, அடுத்து நடுவிரல், கடைசியில்தான் மோதிர விரல் 5ஆம் கம்பியை எட்டுகிறது. ஆனால் கீழ்நோக்கி மீட்டும்போது பிக் (மீட்டப் பயன்படும் சின்னத் தகடு) முதலில் தொடுவது அந்த 5ஆம் கம்பியைத்தானே? முதலில் தேவைப்படும் விரல் கடைசியில் வருகிறது. வரிசையை மாற்றி, மோதிர விரலை முதலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னதுமே பாதிச் சிக்கல் போய்விட்டது. மூன்று விரலும் ஒன்றாக இறங்குவதுதான் கடைசி இலக்கு. அதுவரை தடிமன் கம்பிப் பக்கத்திலிருந்து கட்டுவது நல்லது.

படத்தில் வேறு இரண்டு காட்சிகளும் தெரியலாம். விரல்கள் கம்பியை விட்டு எழும்போது ஓர் அங்குலம் மேலே பறந்துவிட்டுத் திரும்பி வருவது ஒன்று. இதற்கு அநேகமாகக் காரணம் அதிக அழுத்தம். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டையான ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தால் பாதி அழுத்தமே போதும். அழுத்தம் குறைந்தால் விரல் துள்ளாமல் நழுவி எழும். மற்றொன்று, இடது கை ஓரளவு ஒழுங்காகவே போகிறது, வலது கைதான் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது என்பது. உங்களுடையது இதில் எது என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஒரு நிமிடக் கணக்கு

இணையத்தில் கிட்டார் கற்றவர்களுக்கு ஜஸ்டின் சாண்டர்கோவைத் தெரிந்திருக்கும். அவருடைய இலவசப் பாடங்கள் மூலம் உலகம் முழுக்கப் பரவிய பயிற்சி இது. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, டைமரில் ஒரு நிமிடம் வைத்து, எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதி வைப்பது. அறுபதைத் தொடுவது இலக்கு.

சும்மா சொல்லக்கூடாது, தொடக்கத்தில் இதைப்போல ஊக்கம் தருவது வேறில்லை. நேற்று 18, இன்று 23 என்று தாளில் பார்க்கும்போது கை தானாகக் கிட்டாரிடம் போகும். எந்த ஜோடி பலவீனம் என்பதும் பளிச்சென்று தெரிந்துவிடும். ஈ மைனர், ஏ மைனர் ஜோடிக்கு 50 வருகிறது, ஜி, டி ஜோடிக்கு 20தான் வருகிறது என்றால் நாளைய பயிற்சி எது என்று யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் இது எதை அளக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஒரு பாட்டு, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு. நிமிடத்துக்கு 20 மாற்றம்தான். அப்படியானால் ஒரு நிமிடப் பயிற்சியில் 40 எடுப்பவர் இந்தப் பாட்டை அனாயாசமாக வாசிக்க வேண்டும் இல்லையா? வாசிக்க மாட்டார். ஏனென்றால் பாட்டில் மூன்று விநாடிக்கு ஒரு மாற்றம் வந்தாலும், அந்த மாற்றத்துக்குக் கிடைக்கும் இடைவெளி அரைத் தட்டு, அதாவது 0.375 விநாடி. 40 எடுப்பவருக்கு ஒரு மாற்றம் சராசரியாக ஒன்றரை விநாடி. 60 எடுப்பவருக்கே ஒரு விநாடி, மீட்டும் நேரமும் அதில் அடக்கம். இந்தப் பயிற்சி சராசரி வேகத்தைச் சொல்கிறது. பாட்டு கேட்பது சரியான நொடியில் வந்து சேர்வதை. வேகமாக ஓடத் தெரிந்தவர் ரயிலைத் தவறவிடுவதில்லையா என்ன?

இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கை வெகு சீக்கிரம் முன்னேறுவதுபோலத் தோன்றும். மறுநாள் பாட்டுக்குள் அதே மாற்றம் வரும்போது பழைய குருடி கதவைத் திறடி. இது கிட்டார்காரர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 1979-இல் ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையால் தடுப்புகளைத் தட்டிவிடும் மூன்று வேலைகளை இரண்டு குழுவினருக்குப் பழக்கினார்கள். ஒரு குழு ஒவ்வொரு வேலையையும் மொத்தமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கட்டிச் செய்தது. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். கார்டுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு ஜோடியைக் கைக்கு அறிமுகம் செய்ய ஒரு நிமிடக் கணக்கு அருமையானது. அறிமுகமான பிறகு நான்கு கார்டுகளைக் கலந்து சுற்ற வேண்டும்.

ஆக, ஒரு கார்டின் வடிவமே இன்னும் கையில் உட்காராதவருக்கு இது முதல் தேர்வு. ஜோடிக்கு 30 தாண்டிவிட்டவர் இதிலேயே இன்னும் நேரம் செலவழிப்பது மார்க்குக்காகப் படிக்கிற கதைதான்.

மெட்ரோனோமும் மூன்று காலமும்

மெட்ரோனோம் என்றாலே பலருக்குச் சலிப்பு. வழக்கமான அறிவுரை 60-இல் தொடங்கி, சரியாக வந்ததும் 62, 64 என்று ஏற்றிக்கொண்டே போவது. தவறில்லை, ஆனால் ஆமை வேகம். எந்த எண்ணில் எதற்காகத் திணறுகிறோம் என்பதும் பிடிபடாது.

நம் ஊரில் வாய்ப்பாட்டோ வீணையோ கற்ற வீடுகளில் இதற்கு வேறு ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடுவார்கள். தாளம் போடும் கை அதே நிதானத்தில்தான் இருக்கும், ஸ்வரங்கள்தான் இரட்டிக்கும். அதையே கார்டுக்குச் செய்யுங்கள். மெட்ரோனோமை 50-இல் வைத்து அதைத் தொடாதீர்கள். முதல் காலத்தில் நான்கு தட்டுக்கு ஒரு கார்டு. இரண்டாம் காலத்தில் இரண்டு தட்டுக்கு ஒன்று. மூன்றாம் காலத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று. மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 50 மாற்றம் வருகிறது. ஒரு நிமிடக் கணக்கில் வரும் 50-ஐவிட இது பல மடங்கு உருப்படியான 50, ஏனென்றால் ஒவ்வொன்றும் தட்டில் வந்து விழுகிறது.

முதல் காலத்தில் செய்ய வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஒன்றாம் தட்டில் ஒரே ஒரு முறை மீட்டுங்கள். இரண்டு, மூன்று வரை கார்டை ஒலிக்க விடுங்கள். நான்கில் விரல்களை எடுத்து, அடுத்த ஒன்றுக்குள் புதிய கார்டில் இறங்கிவிடுங்கள். அது வசப்பட்டதும் கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள். நான்குக்கும் ஒன்றுக்கும் நடுப்பாதியில் கிளம்புங்கள், அப்புறம் மிச்சமுள்ள அந்தப் பாதியிலும் பாதி போன பிறகு கிளம்புங்கள். மெட்ரோனோம் எண் மாறவே இல்லை, ஆனால் மாற்றத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பாதியாகி, அதிலும் பாதியாகிவிடுகிறது. போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு தாமதமாகக் கிளம்ப முடிகிறது என்பதே முன்னேற்றத்துக்குச் சரியான அளவு.

படத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இதுதான் மருந்து. யாருக்கு ஒத்துவராது என்றால், தனியாக மணிக்கணக்கில் உட்கார முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு. பத்து வயதுப் பிள்ளையை மெட்ரோனோமிடம் கட்டிப்போட்டால் கிட்டார் பரண்மேல் ஏறிவிடும்.

நிற்காத வலது கை

இடது கை என்ன ஆனாலும் சரி, வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வழி. எட்டுச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மீட்டுங்கள்: த க தி மி த க ஜு னு. த, தி, த, ஜு நான்கும் கீழ்நோக்கி. க, மி, க, னு நான்கும் மேல்நோக்கி. கடைசியில் வரும் அந்த ‘னு’தான் சூட்சுமம். அந்த ஒரு மீட்டலின்போது இடது கை கம்பியிலேயே இருக்க வேண்டியதில்லை. விரல்களை எடுத்துவிட்டு, திறந்த கம்பிகளையே மேல்நோக்கி மீட்டிவிடுங்கள். அடுத்த ‘த’-வுக்குள் விரல்கள் புதிய கார்டில் இறங்கிவிட வேண்டும்.

திறந்த கம்பி அபஸ்வரமாகக் கேட்காதா என்று சந்தேகம் வரும். மேல்நோக்கி மீட்டும்போது பிக் தொடுவது பெரும்பாலும் மெல்லிய மூன்று கம்பிகளை, அதாவது ஈ, பி, ஜி சுரங்களை. ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் என்று சுற்றுகிற பாட்டுகளில் இந்த மூன்றும் அந்தப் பாட்டின் ஸ்கேலுக்குள்ளேயே (சுர வரிசைக்குள்ளேயே) இருப்பவை. அரைத் தட்டு நேரம்தான் ஒலிக்கிறது என்பதால் காது அதைக் கண்டுகொள்ளாது. மேடையில் தேர்ந்த கைகள்கூட இதைச் சர்வசாதாரணமாகச் செய்கின்றன. அடுத்த முறை யாராவது வேகமாக ஸ்ட்ரம் பண்ணும்போது மாற்றத்துக்கு முந்தைய கணத்தை மட்டும் உற்றுக் கேளுங்கள். ஏ மேஜர், ஈ மேஜர் மாதிரி இடங்களில் மட்டும் 3ஆம் கம்பியின் திறந்த ஜி கொஞ்சம் உறுத்தும். அங்கே மெதுவாகத் தொட்டுவிட்டுப் போய்விடலாம்.

நம் சினிமா மெல்லிசைப் பாட்டுகளில் கணிசமானவை ஆறின் கணக்கில் ஓடுபவை. அங்கே தகிட தகிட என்று எண்ணி, கடைசி ‘ட’-வில் விரலை எடுக்க வேண்டும். நான்கிலேயே பழகிய கைக்கு ஆறு முதலில் குழப்பும். இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே மாற்றி மாற்றிப் பழகிவிடுவது நல்லது.

பலவீனம் இல்லாமல் இல்லை. இந்த வழியில் பழகுகிறவர்கள் அரைகுறையாகப் பிடித்த கார்டோடு சந்தோஷமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். 2ஆம் கம்பி மழுங்கிக் கேட்டாலும் கவலைப்பட மாட்டார்கள். அது உண்மைதான். ஆனால் கேட்பவர் பக்கமிருந்து யோசியுங்கள். ஒரு கம்பி மழுங்கியது பத்தில் ஒருவர் காதுக்குத்தான் எட்டும். தாளத்தில் விழும் ஓட்டை குழந்தைக்கும் தெரியும். சுத்தத்தை அப்புறம் துடைத்துச் சரிசெய்துகொள்ளலாம். நின்று பழகிய வலது கையைத் திருத்துவது பெரும்பாடு. அதனால்தான் இருபது நிமிடத்தில் பத்து நிமிடமாவது இதற்குக் கொடுங்கள் என்கிறேன், அதையும் பாட்டோடு சேர்த்து. யூடியூபில் பாட்டின் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால் சுருதி மாறாது, வேகம் மட்டும் இறங்கும். அதோடு கூடவே வாசியுங்கள். தவறினால் நிறுத்தாமல் அடுத்த ‘த’-வில் ஏறிக்கொள்ளுங்கள்.

ஒரே கார்டு, வேறு விரல்கள்

பயிற்சியே செய்யாமல் மாற்றத்தை எளிதாக்கும் வழி ஒன்று உண்டென்றால் இதுதான். புத்தகத்தில் போட்டிருக்கும் விரலமைப்பு ஒன்றுதான் சரி என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜி கார்டையே எடுத்துக்கொள்வோம்.

வழக்கமாகச் சொல்லித்தருவது: 6ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டில் நடுவிரல், 5ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், 1ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டில் மோதிர விரல். இதிலிருந்து சி-க்குப் போக மூன்று விரலும் இடம் மாற வேண்டும். மோதிர விரல் 1ஆம் கம்பியிலிருந்து 5ஆம் கம்பி வரை தாவ வேண்டும். பாவம், அது கடைசியில் வந்து சேர்வதில் ஆச்சரியம் என்ன?

இரண்டாவது அமைப்பில் அதே ஜி-க்கு 6ஆம் கம்பியில் மோதிர விரல், 5ஆம் கம்பியில் நடுவிரல், 1ஆம் கம்பியில் சுண்டு விரல். இப்போது சி-க்குப் போகும்போது மோதிர விரலும் நடுவிரலும் அதே சாய்வில் ஒரே ஒரு கம்பி இறங்குகின்றன. சுண்டு விரல் எழுகிறது, ஆள்காட்டி விரல் 2ஆம் கம்பி முதல் ஃபிரெட்டில் வைக்கப்படுகிறது. முதல் வாரம் சுண்டு விரல் முரண்டு பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஜி, சி ஜோடி வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராது.

மூன்றாவது, நான்கு விரல் ஜி. நடுவிரல் 6ஆம் கம்பி 3, ஆள்காட்டி 5ஆம் கம்பி 2, மோதிர விரல் 2ஆம் கம்பி 3, சுண்டு விரல் 1ஆம் கம்பி 3. இதில் மோதிர விரல் அந்த இடத்தை விட்டு அசைய வேண்டியதே இல்லை. சி-க்குப் பதில் சி ஆட் நைன் பிடித்தால் நடுவிரலும் ஆள்காட்டியும் ஒரு கம்பி இறங்கினால் போதும். ஈ மைனர் செவனுக்கு நடுவிரல் மட்டும் 4ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட்டுக்குப் போகிறது. டி-க்கு மோதிர விரல் அங்கேயே இருக்க, ஆள்காட்டி 3ஆம் கம்பி 2-க்கும் நடுவிரல் 1ஆம் கம்பி 2-க்கும் வருகின்றன. நான்கு கார்டுக்கும் ஒரு விரல் நங்கூரம்.

அடுத்த மாதம் நண்பன் கல்யாணத்தில் வாசித்தே ஆக வேண்டும் என்பவர் மூன்றாவதை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு வாரத்தில் பாட்டு நிற்காமல் ஓடும். ஆனால் டி நீங்கலாக எல்லாக் கார்டிலும் மேலே அதே இரண்டு சுரம் மணியடித்துக்கொண்டே இருக்கும். புதுப் பாட்டுகளுக்கு அது அழகு. பழைய மெலடிகளில் எதை வாசித்தாலும் ஒரே மசாலா போட்டதுபோல இருக்கும். நீண்ட நாள் வாசிக்கப் போகிறவருக்கு என் சிபாரிசு இரண்டாவது அமைப்பு.

ஏ, டி, ஈ மூன்றையும் சுற்றும் பாட்டுகளுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. ஏ மேஜரில் 4ஆம் கம்பியில் நடுவிரல், 3ஆம் கம்பியில் ஆள்காட்டி, 2ஆம் கம்பியில் மோதிர விரல் என்று வையுங்கள். டி-க்குப் போகும்போது ஆள்காட்டி அங்கேயே இருக்கிறது, மோதிர விரல் 2ஆம் கம்பியிலேயே ஒரு ஃபிரெட் சறுக்குகிறது, நடுவிரல் மட்டும் 1ஆம் கம்பிக்குத் தாவுகிறது. ஈ-க்குப் போகும்போது ஆள்காட்டி அதே கம்பியில் ஒரு ஃபிரெட் பின்னால் சறுக்குகிறது. ஆள்காட்டி விரல் மூன்றாம் கம்பியை விடவே இல்லை. சி-யிலிருந்து ஏ மைனருக்கு மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும் என்பதையும், ஈ மேஜரின் வடிவம் அப்படியே ஒரு கம்பி இறங்கினால் ஏ மைனர் என்பதையும் கவனிக்காமலே மூன்று விரலையும் தூக்கித் தூக்கி வைக்கிறவர்கள் ஏராளம்.

கேப்போ ஏமாற்று வேலையா?

இல்லை. பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்ப வாசிக்க அது அவசியமான கருவி. ஒருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார் என்றால் அது ஜி ஷார்ப். கேப்போ இல்லாமல் வாசிக்கப் போனால் எல்லாமே பார் கார்டு, அதாவது ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்துக் கம்பிகளை அழுத்தும் பிடி. முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவங்களில் வாசித்தால் வேலை முடிந்தது. ஒன்றரைக் கட்டைக்கு முதல் ஃபிரெட்டில் கேப்போ வைத்து சி வடிவங்கள், இல்லையென்றால் நான்காம் ஃபிரெட்டில் வைத்து ஏ வடிவங்கள். இரண்டரைக் கட்டைக்கு முதல் ஃபிரெட்டில் வைத்து டி வடிவங்கள். இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் வீட்டில் யார் பாடினாலும் கூடவே வாசிக்கலாம்.

கார்டு மாற்றத்துக்கு அது செய்யும் உபகாரம் வேறு. கடினமான ஜோடியை எளிய ஜோடியாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று ஓடும் பாட்டை ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி, ஈ மைனர், சி, டி என்று வாசிக்கலாம். எஃப் காணாமல் போய்விடும். ஒலி கொஞ்சம் மாண்டலின் பக்கம் சாயும், ஃபிரெட் இடைவெளியும் குறுகும். ஆனால் ஜி, சி மாற்றமே தடுமாறுகிறது என்றால் கேப்போ எந்த ஃபிரெட்டில் இருந்தாலும் தடுமாறும். அதை மருந்தாக நம்பி வாங்க வேண்டாம்.

கிட்டார்மேல் குற்றம் சொல்வது எப்போது நியாயம்

சில நேரம் நியாயம்தான். சோதித்துப் பார்ப்பது எளிது. இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு அதே கார்டுகளைப் பிடியுங்கள். திடீரென்று எல்லாம் சுலபமாகிவிட்டால், நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை) கம்பி உட்காரும் பள்ளம் ஆழம் போதவில்லை, கம்பி உயரமாக நிற்கிறது என்று பொருள். 3ஆம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். பிறகு 12ஆம் ஃபிரெட்டில் ஓர் அளவு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஸ்டீல் கம்பி அகூஸ்டிக் கிட்டாரில் 6ஆம் கம்பி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் சுகம். நான்கு மில்லிமீட்டர் இருந்தால் விரலைக் குறை சொல்லாதீர்கள், சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து ஆக்‌ஷனை, அதாவது இந்தக் கம்பி உயரத்தை, குறைத்து வாங்குங்கள்.

கம்பியும் ஒரு காரணம். 12 – 53 அளவு செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன் எண்கள் இவை) போட்டிருந்தால் 10-இல் தொடங்கும் மெல்லிய செட்டுக்கு மாறிப் பாருங்கள். ஒலி கொஞ்சம் மெலியும், விரல் நிறையப் பிழைக்கும். செலவே இல்லாத வழி வேண்டுமென்றால், எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்கி, முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டுவிடுங்கள். சுருதி பழையபடியே, இழுவிசை குறைவு, நட்டின் உயரப் பிரச்சினையும் போய்விடும். நைலான் கம்பி கிட்டாருக்கு மாறலாமா என்றால், விரல் நுனிக்கு அது மெத்தைதான், ஆனால் கழுத்து அகலம். ஸ்டீல் கிட்டாரின் நட் சுமார் 43 மில்லிமீட்டர் என்றால் கிளாசிக்கலுக்கு 52. சின்னக் கைக்கு ஒன்றில் மிச்சமானது இன்னொன்றில் போய்விடும்.

புதுக் கிட்டார் வாங்குவதை இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

எஃப் என்ற பூச்சாண்டி

ஆறு கம்பியையும் ஆள்காட்டி விரலால் அழுத்தும் எஃப்-ஐ முதல் மாதத்திலேயே பிடித்தே தீர்வேன் என்று மல்லுக்கட்டிக் கிட்டாரை விட்டவர்கள் பலர். அவசரமே இல்லை. எஃப் மேஜர் செவன் என்று ஒன்று இருக்கிறது: 4ஆம் கம்பி 3-இல் மோதிர விரல், 3ஆம் கம்பி 2-இல் நடுவிரல், 2ஆம் கம்பி 1-இல் ஆள்காட்டி, 1ஆம் கம்பி திறந்தபடி. மேலே சொன்ன இரண்டாவது ஜி அமைப்பைப் பழகியவர்களுக்கு இது பரிசு மாதிரி. ஜி-யில் 6, 5 கம்பிகளில் இருந்த மோதிர விரல், நடுவிரல் ஜோடி, சி-யில் 5, 4-க்கு இறங்குகிறது, இங்கே 4, 3-க்கு இறங்குகிறது. அதே சாய்வு, அதே ஃபிரெட்டுகள். சி-யிலிருந்து வரும்போது ஆள்காட்டி விரல் அசையக்கூட வேண்டாம்.

அடுத்த படி, அதே பிடியில் ஆள்காட்டி விரலைச் சற்றுச் சாய்த்து 1ஆம் கம்பியையும் சேர்த்து அழுத்துவது. அதுவே நான்கு கம்பி எஃப். பெரும்பாலான பாட்டுகளுக்கு இது தாராளமாகப் போதும், 5, 6 கம்பிகளை மட்டும் மீட்டாமல் விட வேண்டும். முழு பார் கார்டைத் தனியாக, பாட்டுக்கு வெளியே, தினம் இரண்டு நிமிடம் பழகுங்கள். அதையும் முதல் ஃபிரெட்டில் தொடங்காதீர்கள். அங்கேதான் கம்பி மிக விறைப்பாக இருக்கும். ஐந்தாம் ஃபிரெட்டில் பிடித்தால் அதே வடிவம் ஏ மேஜர். அங்கே ஆறு கம்பியும் தெளிவாக ஒலிக்கத் தொடங்கியதும் வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டாகக் கீழே இறங்குங்கள்.